மாதாவின் மேலங்கியில் ஒரு பச்சை வட்டம்

சபீனா முற்றத்து வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்து மாதாவின் காசுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் அடுப்புச் சாம்பல், வெட்டிவைத்த எலுமிச்சைத் துண்டுகள். உள்ளே கட்டிலில் அவள் கணவன் தெல்ஃபின் இருமிக்கொண்டிருந்தான். இருபது வருடம் சுரங்கத் தூசியைச் சுவாசித்தவனின் இருமல் எப்படி இருக்கும் என்று பொட்டோசி என்ற இந்த வெள்ளிமலை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மலையடிவாரக் கோவில் மாதாவின் மேலங்கியில் பதின்மூன்று பழைய வெள்ளிக் காசுகள் தைத்திருக்கும். ஆண்டுக்கு ஒரு வீடு அவற்றுக்குப் பொறுப்பு. பிப்ரவரித் திருவிழாவுக்கு முன்னால் பிரித்தெடுத்துத் துலக்கி, மறுபடி தைத்துக் கொடுக்க வேண்டும். இதுவரை பொறுப்பேற்றவை எல்லாம் வசதியான வீடுகள். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அதோடு சரி. மலைச் சரிவில் கொட்டிய கல்லைப் பொறுக்கி, உலோகம் உள்ளதைத் தனியாகப் பிரிக்கும் பெண் ஒருத்திக்கு அந்த மரியாதை கிடைத்தது அந்த ஆண்டுதான் முதல் முறை. சபீனா சும்மா துடைத்துவிட்டுப் போவாளா? மாதா கண்கூசப் பளபளக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்துத் தேய்த்தாள்.

நடுவில் நெஞ்சுக்கு நேராகத் தொங்கும் பெரிய காசுதான் எல்லாவற்றிலும் அரியது. முந்நூறு ஆண்டு பழையது, சிலுவை முத்திரை போட்டது. பதினோரு வருடத்துக்கு முன்னால், சுரங்கக் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ரெமிஹியோ வாத்தியக் கோஷ்டியோடு வந்து காணிக்கை கொடுத்தது. அந்தக் காசைத் தேய்க்கத் தேய்க்க, சிலுவையின் மேட்டில் சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். செம்பு.

சபீனா கையைக்கூடக் கழுவாமல் மாதா சபைத் தலைவி பெத்ரோனாவின் வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, இதைப் பாருங்க. மேல மட்டுந்தான் வெள்ளி. உள்ள செம்பா இருக்கு."

பெத்ரோனா காசைப் பார்க்கவில்லை. சபீனாவைப் பார்த்தாள். "உன் புருஷனுக்கு மருந்து யாரு வாங்குறா இப்ப?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சபீனாவுக்கு அந்தக் கேள்வி புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது கோவில் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டிருந்தது. நல்ல காசை விற்றுத் தின்றுவிட்டாள், போலியைச் செய்து வைத்துவிட்டு அவளே வந்து நடிக்கிறாள். தானாக வந்து சொன்னதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நம் ஊர் நியாயம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோவிலுக்கே எவாரிஸ்தோவைக் கூப்பிட்டார்கள். பழைய நாணயசாலைக்கு எதிர்த் தெருவில் சிறு கடை வைத்திருப்பவர். காசை விரலில் நிறுத்திச் சுண்டி, ஓசையிலேயே பாதியைச் சொல்லிவிடுவார். மீதிக்குத் தராசும் உரைகல்லும் உண்டு. காசு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

காசைக் காற்றில் ஒரு முறை எடை போட்டார். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுமுறை போட்டார். விளிம்பில் லேசாக அரம் வைத்து, கருங்கல்லில் உரசி, அமிலம் ஒரு சொட்டு விட்டார். கோடு பச்சையாகப் பொங்கிக் கரைந்தது.

"செம்புதான். மேல வெள்ளி முலாம்" என்றார்.

சபைப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சபீனா எவாரிஸ்தோவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எவாரிஸ்தோவுக்குத் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. மாதாவின் மேலங்கியை எடுத்துத் திருப்பினார். வெள்ளிக் காசுகள் தொங்கிய இடமெல்லாம் சாம்பல் கறுப்பில் லேசான நிழல். நடுக்காசு தொங்கிய இடத்தில் மட்டும் பச்சை வட்டம். பட்டுத்துணியைத் தாண்டி, உள்துணியைத் தாண்டி, பின்பக்கம் வரை ஊறியிருந்தது. காசின் துளைக்குள் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். நூல் அறுத்து அறுத்து அங்கே முலாம் எப்போதோ போய்விட்டிருந்தது. அந்தப் பச்சை ஒரு மாதத்தில் வருவதல்ல. பத்து வருடக் களிம்பு. காசு வந்த நாளிலேயே செம்பாகத்தான் வந்திருக்கிறது.

வாயைத் திறக்கப் போனார்.

"என்னங்க, காசைப் பாக்கத்தானே கூப்பிட்டோம். துணியையும் பாக்கணுமா?" முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரெமிஹியோ சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "ஆமா, கடைக் கூரை ஒழுகுதுன்னு சொன்னீங்கள்ல? இந்த வாரமே ஆள் அனுப்பி மாத்தித் தர்றேன். வாடகைக்கு இருக்கறவரு நனைஞ்சா எனக்குத்தானே கேவலம்" என்றார்.

எவாரிஸ்தோவின் கடை ரெமிஹியோவின் கட்டடத்தில்தான் இருந்தது.

"எப்ப மாத்துனதுன்னு சொல்ல முடியுமா?" என்று பெத்ரோனா கேட்டாள்.

எவாரிஸ்தோ மேலங்கியை மடித்து வைத்தார். "அதெல்லாம் காசைப் பாத்துச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

காசைப் பார்த்துச் சொல்ல முடியாதுதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்படித்தான் அவர் அன்று இரவு தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

சபீனாவைச் சபையிலிருந்து நீக்கினார்கள். மலைச் சரிவில் கல் பொறுக்கும் அனுமதி ரெமிஹியோவின் சங்கத்தின் கையில் இருந்தது. அதுவும் போயிற்று. மருந்து நின்றது. எங்கள் ஊர்க் குளிர்காலமான ஆகஸ்டில் தெல்ஃபின் இறந்தான். சவப்பெட்டி தூக்க அக்கம்பக்கத்தார் வராததால் அடுத்த பேட்டையிலிருந்து கூலிக்கு நான்கு பேரைப் பிடிக்க வேண்டியிருந்தது. எவாரிஸ்தோவின் கடைக்குப் புதுத் தகரக் கூரை வந்தது. நல்ல கூரை. மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நவம்பர் வந்தது, கல்லறைத் திருநாள். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் மேசை போட்டு, மனித உருவத்தில் சுட்ட ரொட்டிகளை அடுக்கி வைப்பார்கள். ஊரே வந்து இறந்தவருக்காக ஜெபம் சொல்லி ரொட்டி வாங்கிப் போகும். எத்தனை பேர் வருகிறார்களோ அவ்வளவு ஆறுதல் அந்த ஆத்மாவுக்கு. சபீனா வீட்டு மேசைக்கு யாரும் போகவில்லை என்று கடைக்கு வந்த ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எவாரிஸ்தோவால் உட்கார முடியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு நேராகக் கோவிலுக்குப் போனார்.

"பெத்ரோனாம்மா, அந்தக் காசு வந்தப்பவே செம்பு. சபீனா மாத்தல. அந்த மேலங்கியை எடுங்க, நான் காட்டுறேன்."

"எந்த மேலங்கி?" பெத்ரோனா பூ கட்டுவதை நிறுத்தவில்லை. "தலைவர் ரெமிஹியோ மாதாவுக்குப் புதுசு எடுத்துக் குடுத்து எட்டு மாசம் ஆச்சே. பழசைப் பக்தியா எரிச்சுட்டோம். காசும் புதுசாக் குடுத்திருக்காரு, பாக்கலியா?"

எவாரிஸ்தோ நிமிர்ந்து பார்த்தார். புதுப்பட்டில் பெரிய காசு ஒன்று தொங்கியது. இது சுத்த வெள்ளி. தூரத்திலிருந்தே தெரிந்தது.

"நான் அன்னிக்கே பாத்தேம்மா. பச்சையா..."

"அன்னிக்கே பாத்தா அன்னிக்கே சொல்லியிருப்பீங்கள்ல. வயசாச்சு உங்களுக்கு. போய் வெயில்ல உக்காருங்க."

அங்கிருந்து சபீனா வீட்டுக்கு நடந்தார். கதவு திறந்தே இருந்தது. மேசை நிறைய ரொட்டி, ஒன்றுகூடக் குறையாமல். தெல்ஃபினின் தலைக்கவசத்தை நடுவில் வைத்திருந்தாள். எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார்.

"இப்பதான் கோவில்ல சொல்லிட்டு வர்றேன் தாயி. நீ எடுக்கலன்னு. யாரும் நம்பல."

சபீனா அவருக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"முப்பது வருஷம் கல் பொறுக்குனவ அய்யா நான். செம்புக்கல் எது, வெள்ளிக்கல் எதுன்னு நிறத்தை வச்சுத்தான் பிரிப்பேன். பச்சை எதுல பூக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க துணியைத் திருப்புனப்ப நானும் பாத்தேன்."

எவாரிஸ்தோ அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அப்புறம் ஏன் நீ சொல்லல?"

"நான் சொன்னா திருடி தப்பிக்கப் பாக்குறான்னு போயிடும். அங்க எடுபடுற வாய் ஒண்ணுதான் இருந்துச்சு, உங்க வாய். நீங்க சொல்லிடுவீங்கன்னு அதையே பாத்துட்டு நின்னேன்."

அவர் தலைகுனிந்து அழுதார். சபீனா ஒரு ரொட்டியை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"போலிக் காசு குடுத்தவனை நான் பெரிசா நினைக்கல அய்யா, அவன் குணம் ஊருக்கே தெரியும். தெரிஞ்ச உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லாதவர்தான் எங்களைக் கொன்னது. நேரம் போனப்புறம் சொல்ற உண்மையை வச்சு நான் என்ன பண்ண? ஜெபத்தைச் சொல்லிட்டு ரொட்டியை எடுத்துட்டுப் போங்க. அவருக்காக வந்த ஆள் நீங்க ஒருத்தர்தான்."