இரண்டாம் பிடி

நிலக்கோட்டையிலிருந்து வரும் பூ வேன் என் கடைக்கு நேர் கீழேதான் நிற்கும். மல்லிகைச் சாக்குகளை இறக்கிவிட்டு, டிரைவர் வண்டிக்குள்ளேயே கால் நீட்டிப் படுத்துவிடுவார். காலி வேனின் வாசனை மட்டும் படியேறி மாடிக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே சுற்றிக்கொண்டு கிடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வாசனையில் கண் விழித்திருப்பது மனிதர்களால் ஆகிற காரியமில்லை. நான் மனிதர்களிலும் ஒரு படி குறைச்சல். ஆகவே ‘ஜெரோம் கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்ற பலகைக்குக் கீழே, ஜெரோமாகிய நான், ஒரு மானிட்டர் பெட்டியின்மேல் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள்.

கனவென்றே நினைத்தேன். வெயில் பின்னால் இருந்ததால் வாசலில் இரண்டு நிழல்கள்தான் தெரிந்தன. ஒன்று சேலை கட்டியிருந்தது. இன்னொன்று தோளில் துண்டு போட்டு, போர்வை சுற்றிய குழந்தையை ஏந்தியிருந்தது. குழந்தையிலிருந்து ஒரு வயர் தொங்கியது.

“தூக்கமா தம்பி? நாங்க வேணா செத்த நேரம் கழிச்சு வாரோம்” என்றது சேலை.

“தூக்கமில்லக்கா. யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“கொறட்டை விட்டா யோசிப்பீங்க?”

கனவில் வருகிறவர்கள் இவ்வளவு மரியாதை இல்லாமல் பேசமாட்டார்கள். எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த அக்காள் பெயர் மணிமேகலை. கூட வந்தவர் அவர் கணவர் ஈஸ்வரன். சாணார்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, போர்வை சுற்றிய அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார்கள். ஈஸ்வரன் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவர். சந்தை நாளில் மட்டும் வகுப்புக்கு லீவு விட்டுவிட்டு ஆட்டுத் தரகுக்குப் போய்விடுவார். போன வருஷம் மணலில் பைக் சறுக்கித் தலையில் அடி. உடம்பு தேறிவிட்டது. நினைவுதான் அங்கங்கே திட்டுத்திட்டாகப் போய்விட்டது.

“நடக்குறது, படிக்கிறது எல்லாம் வந்துருச்சு தம்பி. யாரு, என்ன, எவருங்கிறதுதான் வரல. நாந்தான் சொல்லிக் குடுக்குறேன். உங்க பேரு ஈஸ்வரன், இது உங்க மக அறிவுச்செல்வி, நீங்க சுவத்துப் பக்கம்தான் படுப்பீங்க, உங்களுக்குக் கத்திரிக்கா புடிக்கும்னு...”

அங்கே குரலை இறக்கி என் பக்கம் சாய்ந்தார். “கத்திரிக்கா புடிக்காது. முன்னெல்லாம் தட்டோட தள்ளிவிடுவாரு. தோட்டத்துல அம்புட்டுக் காய்க்குது, என்ன செய்யச் சொல்றீங்க? புடிக்கும்னு சொல்லிட்டேன். இப்ப ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுறாரு.”

ஒரு மனிதனின் உள்ளே போய் இப்படித் திருத்துகிற அதிகாரம் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டர்காரனுக்கும் கிடையாது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பெட்டியை மேசையில் வைத்து வயர்களைச் சொருகினேன். உள்ளே இருந்தது லினக்ஸ். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், தெரிந்தவர்கள் உள்ளே புகுந்து திருத்தவும் செய்யலாம் என்று திறந்து விட்டிருக்கிற மென்பொருள். ஆனால் வீட்டுக்கு வீடு அதற்கு ஒரு நிர்வாகி உண்டு. கோயிலில் யாரும் வந்து கும்பிடலாம், கருவறைக்குள் பூசாரிதான் போகலாம் என்பதுபோல. ஈஸ்வரன் ஒழுங்கான மனிதர். தினசரி வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கும், பூசாரி வேலைக்குத் தனிக் கணக்கும் வைத்திருந்தார். சாதாரணக் கணக்கின் கடவுச்சொல் மகள் பெயர், அது மணிமேகலைக்கும் தெரியும். நிர்வாகியின் கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அதாவது இப்போது யாருக்கும் தெரியாது.

அதுவரை என் சுவரில் தொங்கிய வேளாங்கண்ணி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரன் மெல்லப் பேசினார்.

“திரும்ப கிளாஸ் எடுக்கலாம்னு டைப்பிங் பாடத்தை ஏத்தப் போனேன் தம்பி. பாஸ்வேர்டு கேட்டுச்சு. தெரிஞ்சதைப் போட்டேன். உனக்கு அனுமதி இல்ல, இந்த விஷயம் தெரிவிக்கப்படும்னு போடுது. எத்தனை தரம் போட்டாலும் அதே. யாருகிட்ட தெரிவிக்கும்? போலீஸ் ஸ்டேஷனுக்கா?”

“ராத்திரியெல்லாம் வாசலையே பாக்குறாரு” என்றார் மணிமேகலை.

“இல்லண்ணே. அந்தப் பெட்டியோட நிர்வாகிக்குத்தான் தெரிவிக்கும்.”

“அது யாரு?”

“நீங்கதான்.”

அவர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். கீழே வேனில் டிரைவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறை, வெயிலில் விளிம்பு கரைந்து, நானும் தூங்கத்தான் போகிறேன் என்பதுபோல் நின்றது.

“அப்ப நான் ஒவ்வொரு தரமும் தப்புப் பண்றேன்னு அவருகிட்டப் போய்ச் சொல்லியிருக்கு” என்றார். பழைய ஈஸ்வரனை ‘அவர்’ என்றார். “அவரு என்ன நெனச்சிருப்பாரு?”

பதில் தெரியாத இடங்களில் வேலையைத் தொடங்கிவிடுவது என் தொழில் தர்மம்.

பெட்டியை அணைத்து மறுபடி உயிர்ப்பித்தேன். அது கண் விழிக்கும் அந்தத் தூக்கக் கலக்கத்தில் ஒரு விசையை அழுத்தினால், பழுது பார்ப்பதற்கென்று ஒரு வாசல் திறக்கும். அந்த வாசலில் சில பெட்டிகள் மட்டும் மறுபடி சாவி கேட்கும். இது கேட்கவில்லை. இம்மாதிரிப் பெட்டிகளின் சித்தாந்தம் எளிமையானது. என்னைக் கையில் தூக்கி, முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறவன் எனக்கு வேண்டியவனாகத்தான் இருப்பான். இந்தச் சித்தாந்தத்தில் உலகம் எப்படி ஓடுகிறது என்று நான் யோசிப்பதுண்டு. யோசிக்கும்போதே தூக்கம் வந்துவிடும்.

கறுப்புத் திரை வந்தது. நிர்வாகியின் கணக்குக்குப் புதிய கடவுச்சொல் வை என்று உத்தரவு கொடுத்தேன். புதியதைச் சொல் என்று கேட்டுவிட்டு அது காத்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஊர் பெயரையும் ஒன்று இரண்டு மூன்றையும் தட்டிக் கொடுத்துவிடுவேன். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் கம்ப்யூட்டரை நான் திறக்கலாம். சோம்பேறி என்பதால் ஊர் பிழைத்தது.

விரலை வைக்கப் போனபோது மணிமேகலை தடுத்தார். “அவரே போடட்டும் தம்பி.”

எழுந்து நாற்காலியை விட்டேன். ஈஸ்வரன் உட்கார்ந்தார். ஓர் எழுத்தைத் தட்டினார், திரையைப் பார்த்தார். இன்னொன்று தட்டினார், பார்த்தார்.

“எழுத்தே விழுகலையே?”

“விழுகாதுண்ணே. பக்கத்துல இருக்கிறவன் எத்தனை எழுத்துன்னுகூட எண்ணிரக் கூடாதுன்னு ஒரு புள்ளிகூடக் காட்டாது. நம்பித் தட்டணும்.”

நம்பித் தட்டினார். நம்பிக்கை போதாமல் சிலவற்றை இரண்டு முறை தட்டினார். முடித்ததும் அது, அதையே மறுபடி சொல் என்றது. அவர் கை நின்றுவிட்டது. இப்போதுதான் போட்டது, ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் அது இல்லை. ஏதோ தட்டினார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று வந்தது.

மறுபடி முயன்றார். மறுபடியும் ஒத்துப்போகவில்லை.

“நீங்களே போட்டுருங்க தம்பி” என்று எழுந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, வெகு சாதாரணமாகக் கேட்டார். “மணி, நான் எதைப் போடுவேன்? நீ சொல்லு.”

மணிமேகலையின் வாய் திறந்தது. பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்ததை நான் பார்த்தேன். ஒரு வருஷமாக இருந்த பழக்கம். ஆனால் சொல்லவில்லை.

“எனக்குத் தெரியாது” என்றார்.

“உனக்குத் தெரியாதது உண்டா? எனக்குன்னு தெரிஞ்சது என்ன இருக்கு? எல்லாம் நீ சொன்னதுதானே.” கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் கேட்க முடியவில்லை. நான் தேவையே இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினேன்.

மணிமேகலை மூக்கை உறிஞ்சினார். எழுந்து வந்து, கணவர் தோளில் கிடந்த துண்டை உருவினார். அவரைத் திரும்ப நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, கைகளைப் பிடித்து விசைப்பலகையில் வைத்து, கை, விசை எல்லாவற்றையும் துண்டால் மூடினார்.

“சந்தையில ஆட்டுக்கு வெல பேசும்போது துண்டுக்குள்ள விரலைக் கண்ணால பாத்தா பேசுவீங்க?”

ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்தே பேசிக்கொள்வார்கள். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் தெரிவது ஆடும் துண்டும்தான்.

ஈஸ்வரன் துண்டைக் குனிந்து பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. முகத்தை நிமிர்த்தி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார், வாங்க மனசில்லாதவர்போல. அது சந்தையில் நிற்கிறவரின் முகம் என்று சந்தையே பார்க்காத எனக்கும் புரிந்தது.

“ரெண்டு தரம் புடிக்கணும்” என்றார். யாரும் சொல்லித்தராமல் அவராகச் சொன்னார். “மொதப் புடி கேக்குறது. ரெண்டாம் புடி முடிக்கிறது. நடுவுல கையை எடுக்கப்படாது.”

“எடுக்காதீங்க” என்றேன். என் குரல் ஏன் ரகசியம் பேசியது என்று தெரியவில்லை.

துண்டு அசைந்தது. அடியில் ஏதோ சின்னப் பிராணி தூக்கத்தில் புரள்வதுபோல் அசைந்து நின்றது. மறுபடி சொல் என்றது திரை. அவர் திரையைப் பார்க்கவில்லை. மல்லிகை வாசனை, மின்விசிறி, தூரத்தில் பஸ் நிலையத்தில் நத்தம், நத்தம் என்று கூவுகிற குரல், எல்லாம் ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதாக இருந்தன. துண்டு இரண்டாவது முறை அசைந்தது.

கடவுச்சொல் மாற்றப்பட்டது என்று ஒரு வரி வந்தது. ஆடம்பரம் எதுவும் இல்லை. இந்த ஜாதிப் பெட்டிகளுக்குக் கைதட்டத் தெரியாது.

அணைத்து மறுபடி உயிர்ப்பித்தேன். நிர்வாகியின் கணக்கு கடவுச்சொல் கேட்டது. அவர் தானாகவே துண்டை இழுத்து மூடிக்கொண்டார். திறந்தது. திரை நிறைய ஒரு கறுப்புக் கிடா எங்களை முறைத்துப் பார்த்தது. பழைய ஈஸ்வரன் வைத்த படம்.

“யாரோடது இது?” என்றார்.

மணிமேகலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஈஸ்வரன் கிடாவைத் தலைமுதல் குளம்புவரை நிதானமாக அளந்தார்.

“காலு கொஞ்சம் மெலிசு. ஆனா நல்ல உருப்படி. வச்சவன் ஆடு தெரிஞ்சவன்தான்.”

டைப்பிங் பாடத்தை ஏற்றினோம். அனுமதி கேட்டது, கொடுத்தார். ஏறிக்கொண்டது. பெட்டியைப் போர்வையில் சுற்றும்போது மணிமேகலை சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

“என்ன போட்டீங்க?”

“சொல்ல மாட்டேன்.”

மணிமேகலையின் கையிலிருந்த போர்வை நுனி நழுவியது. ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத வார்த்தை அது. சிரிக்கத்தான் தொடங்கினார், பாதியில் அது வேறாகி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு மறந்துட்டா?”

“மறந்தா நான் மறந்ததா இருக்கட்டும். இன்னொரு தரம் இந்தத் தம்பிகிட்ட வருவோம்.”

“வாங்கண்ணே. நான் எங்க போகப்போறேன், இங்கதான் யோசிச்சுக்கிட்டு இருப்பேன்” என்றேன்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அக்காள் வயர்களைச் சுருட்டிக்கொண்டு பின்னால் இறங்கினார். படியில் குரல் கேட்டது.

“மக பேரா?”

“இல்ல.”

“ஊரு பேரா?”

“இல்ல மணி.”

“எம் பேரா?”

இதற்குப் பதில் வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பூ வேனுக்குப் பக்கத்தில் நின்று அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்காள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பதுபோல.