அரை நூல்

அந்த லேடீஸ் சைக்கிளை நானாக ஆசைப்பட்டு வாங்கவில்லை. பழைய இரும்புக்காரர் என் தலையில் கட்டினார். "இங்கிலீஷ் வண்டிம்மா, மூணு கியர், சீட்டைத் தவிர எல்லாம் ஒரிஜினல்" என்றார். சீட்டைத் தவிர எல்லாம் துரு என்று சொல்லியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

எனக்குத் தொழில் பல் செட் செய்வது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு பல் லேபில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். மீதி இரண்டு நாள், எங்கள் அடுக்குமாடியின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் பழைய மூணு கியர் வண்டிகளைப் பிரித்து மாட்டுவேன். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்த வண்டியைச் செய்த மகானுபாவர்கள், உலகத்தில் வேறு எந்த நட்டும் இதில் ஏறிவிடக் கூடாது என்று சபதம் எடுத்திருக்கிறார்கள். கடையில் கொண்டுபோய்க் காட்டினால் மரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் காலத்துதுங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெடல் கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் ஒன்றைக் கழற்ற எனக்கு மூன்று வாரம் ஆனது. எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், கெஞ்சினேன், வாயில் வந்தபடி திட்டினேன். கடைசியில் அது வந்தபோது என் கட்டைவிரல் நகமும் கூடவே வந்தது.

பொழுதுபோக்காக ஆரம்பித்த இந்தப் பாடு, நடுவில் என் தங்கைக்கானதாக மாறிவிட்டது. அவள் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். வேலை பார்த்த இடத்தை இரண்டு வருடம் முன்பு மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறாள். முதலில் நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள், பிறகு பத்து, பிறகு அதையும் விட்டுவிட்டாள். டிவி ஓடும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போதுதான் மேட்டுச் சாலையின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை கிடைத்தது. வரும் திங்கட்கிழமையிலிருந்து காலை ஆறரைக்கு ஊசியும் கையுமாக நிற்க வேண்டும். முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். ஸ்கூட்டர் லைசென்ஸ் தேர்வில் அவள் மூன்று முறை தோற்றவள். மூன்றாவது முறை தேர்வு அதிகாரி உட்கார்ந்திருந்த நாற்காலியையே சாய்த்துவிட்டாள். "முதல் மாசம் ஒரு நாள் லேட்டானாலும் வேற ஆளைப் பாத்துக்குவோம்" என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சைக்கிள்தான் ஒரே வழி, அதுவும் கியர் இல்லாமல் அந்த மேடு ஏறாது. "கவலைப்படாதடி, திங்கக்கிழமைக்குள்ள வண்டி ரெடி" என்று நெஞ்சைத் தட்டி வாக்குக் கொடுத்தது நான்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர். லிப்ட் மெக்கானிக். நண்பர்கள் அவரை 'ஸ்பானர்' என்றுதான் கூப்பிடுவார்கள், பொருத்தமான பேர். கண்ணில் படுகிற எதையும் ஒரு சுற்று முறுக்கிவிட்டுத்தான் நகர்வார். குளியலறைக் குழாயை அவர் மூடினால் திறப்பதற்கும் அவரையே கூப்பிட வேண்டும். சர்க்கரை டப்பா மூடியோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். போன வருடம் ஒரு வண்டியின் செயின் தளர்வாக இருக்கிறது என்று இழுத்து முறுக்கினார்; பெடல் சுற்றவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. அன்றைக்கு அறைக் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்தேன். மரியாதையாக, 'தொடாதீர்கள்' என்றுதான் எழுதினேன்.

மூணு கியர் வண்டியின் சூட்சுமம் எல்லாம் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் அடங்கிவிடும். அச்சின் துளை வழியே ஒரு மெல்லிய கம்பி உள்ளே போகிறது. அதன் வாலில் ஒரு சின்னச் சங்கிலி, சங்கிலியை இழுக்க ஒரு கேபிள். கியரை இரண்டில் வைத்து, வலது பக்க நட்டில் இருக்கும் ஜன்னல் மாதிரியான ஓட்டை வழியே பார்க்க வேண்டும். கம்பியின் முடிவு அச்சின் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். தவறினால் வம்பு. இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு காலி இடம் உண்டு. அங்கே பெடல் எதையும் பிடிக்காது, வெறுமனே சுற்றும். எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி ஆனால், மிதித்தவர் கதி அவ்வளவுதான்.

அறையில் ஆண்கள் ஓட்டும் வேறு இரண்டு வண்டிகளின் ஹப்புகளும் வேலைக்குக் காத்திருந்தன. மண்ணெண்ணெய் ஏன் வீணாக வேண்டும் என்று மூன்றையும் ஒன்றாகப் பிரித்து, ஒரே தட்டில் போட்டுக் கழுவினேன். சனிக்கிழமை மதியம் தங்கையின் வண்டிக்கு ஹப்பைப் பூட்டி, கேபிளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்து, கதவைத் தாண்டாமல் நின்றார்.

"அந்தக் கம்பி இருக்குல்ல..." என்று ஆரம்பித்தார்.

"தொட்டீங்களா?"

"காலைல தட்டுல காய வச்சிருந்தியே, அப்பப் பாத்தேன். மூணுல ஒண்ணு..."

"பாத்தீங்களா, தொட்டீங்களா?"

"துடைச்சு வச்சேன்."

"துடைக்கச் சொன்னேனா? நான் பாட்டுக்கு ஒரு ஒழுங்குல வச்சிருப்பேன், நீங்க வந்து கை வைப்பீங்க, அப்புறம் நான் உக்காந்து தலையைப் பிச்சுக்கணும்."

"சரி, தப்புதான். ஆனா அந்த நீளம்..."

"நீளம் அகலம் எல்லாம் நான் பாத்துக்கறேன். மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு தப்பினா பல்லு வாயில உக்காராது. எனக்கே அளவு சொல்லித் தர்றீங்களா?"

டீயை ஒரு வாய் குடித்தார். போய்த் தொலைவார் என்று பார்த்தால் நகரவில்லை.

"ஆள் ஏறுறதுக்கு முன்னாடி வெயிட் ஏத்திப் பாத்துடு. லிப்ட்ல நாங்க மணல் மூட்டை ஏத்தி ஓட்டிப் பாக்காம ஒருத்தரையும் உள்ள விட மாட்டோம்."

"இது லிப்ட் இல்லைங்க, சைக்கிள்."

என் டம்ளரைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார். நான் நட்டின் ஜன்னல் வழியே பார்த்தேன். கம்பியின் முடிவும் அச்சின் முனையும் கச்சிதமாகச் சமம். ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் பெடலைச் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் வெண்ணெயாக மாறியது. எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை வண்டியை எடுத்தாள். சமதளத்தில் இரண்டு சுற்று. இரண்டாவது சுற்றில் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மேட்டைத்தான் பாத்துடுவோமே" என்று அவளே திரும்பினாள். நானும் இவரும் பின்னால் நடந்தோம். மேட்டின் அடியில் கியரை இரண்டுக்கு மாற்றினாள், சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள்.

உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பெடல் சுழன்றது. அவள் முன்னால் சரிந்து, கைப்பிடியில் மோதி, வண்டியோடு சாலையில் விழுந்தாள்.

ஓடினேன். பின்னால் வந்த வேன் பிரேக் அடித்து நின்றதை அவள் பக்கத்தில் போன பிறகுதான் கவனித்தேன். நாலு முழம் இருக்கும், அவ்வளவுதான். முழங்கால் கிழிந்து, உள்ளங்கை தோல் உரிந்து, அவள் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கூடத்தில் சுவரைப் பார்க்கும் அதே முகம்.

"எனக்கு வேணாம்க்கா. நான் போகல. போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. அப்படியே இவர் பக்கம் திரும்பினேன்.

"எதை முறுக்கினீங்க? ராத்திரி போய் என்னத்தை முறுக்கினீங்க, சொல்லுங்க! உங்க கை சும்மாவே இருக்காதா? ரெண்டு வருஷமா எழுந்திரிக்காதவ இன்னைக்குத்தான் எழுந்தா, அதையும் கெடுத்துட்டீங்களே!"

வேன்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டவர் ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். இவர் குனிந்து, தங்கையைக் கைதாங்கலாக எழுப்பி என்னிடம் விட்டார். வண்டியை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவள் காலைக் கழுவக் குளியலறைக்குப் போனதும் நான் கீழே இறங்கினேன், பாதியில் விட்ட சண்டையை முடிக்க. அவர் ஹப்பிலிருந்து கம்பியைத் திருகி எடுத்திருந்தார். தட்டில் மீதி இருந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, மூன்றையும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் அடி சமமாக நிறுத்திப் பிடித்தார். இரண்டு ஒரே உயரம். ஒன்று மட்டும் கட்டை.

"இந்தக் கட்டைதான் இவ வண்டிது. லேடீஸ் வண்டிக்கு அச்சு சின்னது. நீ மாட்டினது அந்த ஆம்பளை வண்டியோடது."

"எவ்வளவு வித்தியாசம்?"

"அரை நூல்."

மரவேலைக்காரரும் மெக்கானிக்கும் சொல்லும் அளவு அது. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. என் லேபில் ஒன்றரை மில்லிமீட்டர் தப்பினால் பல் செட்டைத் தூக்கி என் முகத்தில் எறிவார்கள்.

"ஜன்னல்ல சரியா இருந்துச்சே?" என்றேன்.

"கம்பியே நீளமா இருந்தா ஜன்னல் என்ன செய்யும்? வெளியில சமமாத்தான் தெரியும். உள்ள அரைகுறையாப் பிடிச்சிட்டிருக்கும். கையால சுத்தினா தெரியாது, ஆள் ஏறி மிதிச்சா நழுவிடும்."

"தெரிஞ்சிருந்தா ஏங்க சொல்லல?"

கேட்டு வாயை மூடுவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அவர் என்னைக் குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லத்தான் வந்தேன். நீ கத்தினதும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. ஆள் ஏறுற விஷயம், நீ எவ்வளவு கத்தினாலும் நின்னு சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. நான் கத்துவேன் என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டதால் அந்த வேன் அவளுக்கு நாலு முழம் பக்கம் வரை வந்துவிட்டது. படியேறி வந்துவிட்டேன்.

தங்கை சோபாவில் உட்கார்ந்து காலுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். போன் மடியில் இருந்தது. இன்னும் பேசவில்லை.

"தப்பு என்னுதுடி. வேற வண்டிக் கம்பியை மாட்டிட்டேன். மாமா எதையும் முறுக்கல."

"ரோட்ல வச்சு அவரைத்தானே அந்தக் கத்து கத்தினே?"

"ஆமா."

"இதை அவர்கிட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகி மூடினாள்.

"மொதல்ல அங்க போய்ச் சொல்லு. அப்புறம், மாமா பாத்து சரின்னு சொன்னா நாளைக்கு ஏறுறேன். நீ சொன்னா ஏற மாட்டேன்."

மறுபடி கீழே போனேன். 'மன்னிச்சிடுங்க' என்ற வார்த்தை என் வாயில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை, பழக்கம் இல்லை; எப்படியோ சொல்லி முடித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கட்டைக் கம்பியை மாட்டினார், கேபிளைச் சரிசெய்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாக்கு நுனிவரை நாலு யோசனை வந்தது, நாலையும் விழுங்கினேன்.

"இப்ப மூட்டை வேணும்" என்றார்.

"மணலுக்கு எங்க போறது?"

"மணல் எதுக்கு? நீ இருக்கியே."

அந்த மேட்டை ஐந்து முறை ஏறினேன், எழுந்து நின்று, முழு பாரத்தையும் போட்டு. கியர் ஒரு முறைகூட நழுவவில்லை. நான்தான் நாக்குத் தள்ளிப் போனேன். எதிர்வீட்டு பால்கனிக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது தங்கை என்னைக் கேட்கவில்லை. இவரைப் பார்த்து, "மாமா?" என்றாள். "ஏறலாம்மா" என்றார். அவள் போனை எடுத்து சார்ஜில் போட்டாள்.

திங்கட்கிழமை ஆறு இருபதுக்கு என் போன் அடித்தது. எடுத்தால் வெறும் மூச்சு வாங்கும் சத்தம்.

"வந்துட்டேன்க்கா" என்றாள். "ரெண்டாவது கியர்லயே ஏறிட்டேன். நடுவுல இறங்கவே இல்ல. மாமாகிட்ட சொல்லிடு, சரியா? கூப்பிடறாங்க, வைக்கறேன்."

என் நகம் போனது, ஒன்பது வாரம் போனது, ஒரு வார்த்தை எனக்கு இல்லையாடி என்று கேட்க வந்தது. அவள் வைத்துவிட்டாள். வைக்காமல் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

இவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"போய்ச் சேந்துட்டாளாம். ரெண்டாவது கியர்லயே ஏறிட்டாளாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னா" என்றேன். அவள் சொன்னதை மட்டும்தான் சொன்னேன், என் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை.