சைலன்சர் இல்லாத கார்

கடைசி நட்டு மட்டும் அசையவில்லை. ஷர்ஷென் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி ஸ்பேனரின் முனையைச் சுத்தியலால் தட்டினான். கண்ணில் துரு கொட்டியதுதான் மிச்சம். ஓட்டை சைலன்சரின் சத்தத்தில் நோயாய்க் கிடந்த அம்மா படுக்கையில் திடுக்கிட்டு விழிக்கிறாள் என்று புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தான். ஒரு மணி நேர வேலை என்று நினைத்திருந்தான்.

"உங்கம்மா கூப்பிடுறாங்க," என்றாள் அவன் மனைவி உல்ஜான், வாசலிலிருந்து.

"அஞ்சு நிமிஷம். இதோ வந்துடும்."

வெட்டுளியை வைத்து ஓங்கி அடித்தான். போல்டே முறிந்து, பழைய சைலன்சர் அவன் மார்பில் விழுந்தது. அதைத் தள்ளிவிட்டு வெளியே தவழ்வதற்குள் உள்ளே உல்ஜான் அலறிவிட்டாள். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவன் தன்னை ஒருநாளும் மன்னிக்கப் போவதில்லை.

அம்மாவின் உடலைக் கிடத்த, ஊர் வழக்கப்படி முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பிக்கொண்டிருந்தபோது பெரியப்பா எசெனாலி அவனைத் தனியே அழைத்தார்.

"கோச்கோருக்குப் போய் உங்கக்காவைக் கூட்டிட்டு வா. என் வண்டி, சாவு விருந்துக்கு அறுக்கக் குதிரை ஏத்திவரப் போயிருக்கு, உன்னோடதையே எடு."

"அதுல சைலன்சர் இல்ல பெரியப்பா. போல்டு முறிஞ்சுது, புதுசு மாட்ட முடியல."

"சத்தம்தானே, போகட்டும். வழியில வாயைத் திறக்காதே. அம்மா உன்னைப் பாக்கணும்ங்கறா, அவ்வளவுதான் சொல்லணும். நேரா என் வீட்டுக்கு வா. நாலு பெரியவங்க உக்கார வச்சுப் பக்குவமா சொல்லுவோம். தாய் செத்ததைப் பொண்ணு நடுரோட்டுல கேக்கக் கூடாதுடா."

ஜிபார் அக்கா சிரித்துக்கொண்டேதான் காரில் ஏறினாள். "இது காரா, டாங்கியாடா? இதை வச்சுக்கிட்டு அம்மாவை எப்படித் தூங்க விடுற?"

அவன் சாலையைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டரை அழுத்தினான். கணவாய் ஏறும்போது அவள் இரண்டு முறை காதருகே குனிந்து கத்தினாள். "சாப்பிடுறாளா? எழுந்து உக்கார்றாளா?" கேட்காதவன் போல் தலையை ஆட்டினான். அந்த இரைச்சலுக்கு மனதுக்குள் நன்றி சொன்னான். அது மட்டும் இல்லாவிட்டால் ஏதோ ஒரு வளைவில் உளறியிருப்பான்.

ஊர் எல்லையில், பெரியப்பா வீட்டு வாசலில் என்ஜினை அணைத்தான். காது அடைத்திருந்தது. அடைப்பு விலகியதும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது வந்தது.

"ஓ... என் தாயே! என் தாயே!"

கூடாரத்தின் வெளியே துக்க வழக்கப்படி இடுப்பில் கச்சை கட்டி, கோலூன்றி நின்ற ஆண்களின் குரல். அவன் கிளம்பிய பிறகு வந்து சேர்ந்த உறவுக்காரர்கள். காரின் இரைச்சலைக் கேட்டு வெளியூர்த் துக்கக்காரர்கள் லாரியில் வருகிறார்கள் என்று எண்ணி, வருகிறவர்களை எதிர்கொள்ளும் முறைப்படி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். அது அவர்கள் வீட்டு முற்றம் என்பது ஜிபாருக்குத் தெரியாதா என்ன?

அவள் இறங்கப் போனாள். கதவுப் பிடியில் வைத்த கை அப்படியே நின்றது.

"எப்போ?"

"காலையில. கூப்பிட்டாங்கக்கா... நான் போகல. காருக்கு அடியில கிடந்தேன்."

பெரியப்பா செருப்புக்கூட இல்லாமல் வெளியே ஓடி வந்தார். தூரத்துக் குரல்கள் அவருக்கும் கேட்டிருந்தன. எழுபது வயது மனிதர், தப்புச் செய்துவிட்ட பிள்ளையைப் போல் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று கிழவர்கள், எப்படித் தொடங்குவதென்று தெரியாமல்.

ஜிபார் இறங்கினாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன பெரியப்பா, இங்க வந்து நிறுத்திட்டானே. உள்ள போய்ப் பேசுவோமா?"

உள்ளே விரிப்பில் உட்கார்ந்தாள். ஷர்ஷெனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு இந்த வருஷத்துப் பனியிலிருந்து ஆரம்பித்தார். மேய்ச்சல் நிலம் தாமதமாகப் பச்சைபிடித்ததைச் சொன்னார். பூத்ததெல்லாம் ஒருநாள் உதிரும் என்று வந்தார்.

"ஆமா பெரியப்பா," என்றாள் ஜிபார் ஒவ்வொன்றுக்கும், எதுவுமே தெரியாதவளாக.

அவர் விஷயத்தை நெருங்க நெருங்க, அவளுடைய விரல்கள் தம்பியின் மணிக்கட்டில் இறுகிக்கொண்டே போயின.