இடம் பிடித்த பை

ரயிலில் இடம் பிடிப்பதில் வேலாயுதத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஹவுரா ஸ்டேஷனில் மெட்ராஸ் மெயில் வந்து நிற்பதற்குள் அவர் துண்டு ஜன்னல் வழியாக உள்ளே போய் விழுந்திருக்கும். துண்டு விழுந்த இடம் அவருடையது. அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காருகிற தைரியம் இதுவரை எவனுக்கும் வந்ததில்லை. சாந்த்ராகாச்சி யார்டில் கூட்ஸ் கார்டாக இருக்கும் மனிதருக்கு இதில் ஒரு பெருமை வேறு. கைவீசிக்கொண்டு கடைசியில் வந்து ஏறுகிறவனைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். டம்டம் விமான நிலையத்தில் மட்டும் அது விட்டுவிடுமா என்ன?

அவர் மனைவி அன்னம் காலையிலிருந்தே முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். விமானம் என்பதை அவள் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸ் மாடியில் வடகம் காயப்போடும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதிலும் அது கெட்ட வருஷம். நடுவானில் ஒரு விமானம் வெடித்துக் கடலில் விழுந்திருந்தது. டிரான்சிஸ்டருக்குள் குண்டு வைக்கிறார்கள் என்று பேச்சு. டிராமில் ஆளில்லாத பை ஒன்று கிடந்தால் போதும், ஜனங்கள் குதித்து ஓடினார்கள்.

ஆனாலும் போகத்தான் வேண்டும். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மகள் சகுந்தலா கிடந்தாள். தலைச்சன் பிள்ளை, பிறந்தது, அழவே இல்லை. அந்தத் துக்கத்தை முழுசாக அழுது தீர்ப்பதற்குள் டாக்டர் இன்னொன்று சொன்னார். தாயின் ரத்தம் ஒரு வகை, பிள்ளையின் ரத்தம் வேறு வகை. மூன்று நாளுக்குள் ஓர் ஊசி போட்டாக வேண்டும். தவறினால், இனி உண்டாகிற பிள்ளையை அவள் ரத்தமே தின்றுவிடலாம். அந்த மருந்து அங்கே அகப்படவில்லை என்று மருமகன் டிரங்க் காலில் அழுதார். வேலாயுதம் கல்கத்தா மருந்துக் கடைகளையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் பெஹாலாவில் ஒரு டாக்டரின் கையைக் காலைப் பிடித்து ஒன்றே ஒன்று வாங்கிவந்தார். அதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. நாளைக் காலைக்குள் ஊசி ஏறியாக வேண்டும். ரயில் உதவாது. அன்னத்தின் வளையல்கள் விமான டிக்கெட்டாக மாறின.

சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி. அதைத் தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸுக்கு நடுவில் வைத்து, பிளாஸ்க்கை ஊதாநிறத் துணிப்பையில் வைத்து, பையை அன்னம் கைப்பிள்ளைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். சாயக்கூடாது, சூடு படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு. ஏறுத வரைக்கும் எங் கைய விட்றாதிய" என்றாள்.

"விடமாட்டேன்ளா" என்றார் வேலாயுதம்.

அப்போதுதான் ஒலிபெருக்கி அறிவித்தது: விமானம் மாறிவிட்டது, டிக்கெட்டில் இருக்கிற இருக்கை எண் செல்லாது, அவரவர் இஷ்டம்போல உட்காரலாம். அவ்வளவுதான், கண்ணியவான்கள் எல்லாரும் காணாமல் போனார்கள். கோட்டுப் போட்டவரும் பட்டுச்சேலைக்காரியும் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்தார்கள். ரசகுல்லாப் பானை, மாம்பழக் கூடை, இலிஷ் மீன் டப்பா என்று ஆளுக்கு இரண்டு கையிலும் சாமான். தலைக்கு மேலே இருக்கிற அடுக்கில் முதலில் திணித்தவனுக்கே இடம். பிந்தியவன் பானையை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் வரை போகவேண்டியதுதான். வேலாயுதத்தின் கண்கள் பளபளத்தன. ஹவுராவுக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது அவருக்கு.

விமானத்துக்குப் பக்கத்தில் வெயிலில் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அவரவர் பெட்டியைத் தொட்டுக்காட்டினால்தான் உள்ளே ஏற்றுவார்கள். யாரும் காட்டாத பெட்டி அங்கேயே நிற்கும். குண்டுக்குப் பயந்து அந்த ஏற்பாடு.

"நீ நம்ம டிரங்குப் பெட்டியக் காட்டிட்டு வா. நான் முன்னால போயி இடம் புடிக்கேன். பையக் குடு, படியில தட்டிறாம" என்று அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு வேலாயுதம் படிக்கட்டுக்கு ஓடினார். கையை விடமாட்டேன் என்றவர்தான்.

பச்சை டிரங்குப் பெட்டிகள் இரண்டு இருந்தன. பதற்றத்தில் அன்னம் மற்றதைத் தொட்டுவிட்டாள். பெட்டிக்குச் சொந்தக்காரர் சத்தம் போட, போலீஸ்காரர் அவளிடம் சீட்டைக் கேட்டார். இரண்டு பேர் சீட்டும் வேலாயுதத்தின் சட்டைப்பையில் இருந்தன. அவள் மேலே விமானத்து ஜன்னல்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வேலாயுதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தார். சீட்டைக் காட்டினார், பெட்டியைக் காட்டினார். அன்னம் அவர் கையைப் பார்த்தாள். இரண்டு கையும் வெறுங்கை.

"பை எங்க?"

"ஜன்னல் பக்கம் உனக்கு இடம் போட்டு வச்சிருக்கேன். பக்கத்துல என் துண்டு. சாயாம இருக்கப் பைக்குப் பெல்ட்டும் மாட்டிட்டேன். எவன் எடுக்கான் பாப்போம்."

அவளுக்குப் பகீரென்றது. வாயைத் திறப்பதற்குள் மேலே ஒரு பெண் வீறிட்டாள்.

அடுத்த நிமிஷம் படிக்கட்டில் ஜனங்கள் உருண்டு வந்தார்கள். ஒருவர் செருப்பு பறந்தது. ரசகுல்லாப் பானைக்காரர் ஒருவர் மட்டும் பானையை விடாமல் இறங்கினார். "பொமா! பொமா!" என்று கத்தினார்கள். பொமா என்றால் குண்டு என்று கல்கத்தாவில் குழந்தைக்கும் தெரியும். போலீஸ்காரர்கள் எல்லாரையும் தூரத்துப் புல்வெளிக்கு விரட்டினார்கள். அன்னமும் ஓடினாள். மூச்சு இரைக்க நின்றபோது பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: ஊதாப் பை, ஆள் இல்லை, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறான், உள்ளே உருண்டையாக என்னவோ.

மணல்மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. நீளக் கொக்கி ஒன்றை இறக்கினார்கள். பையை இழுத்து வந்து ஓடுபாதைக் கோடியில் வைத்து வெடிக்கச் செய்வார்களாம்.

அன்னம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. யார்டில் இருட்டில் சரக்கு வண்டியின் கடைசிப் பிரேக் வேனில் தனியே போகிற மனிதர் பச்சைப்பிள்ளையாக நடுங்கினார்.

"போயிச் சொல்லுங்க. நம்ம பைன்னு சொல்லுங்க."

"சத்தம் போடாதளா. புடிச்சு உள்ள போட்ருவான். வேலை போயிரும். இந்த நேரத்துல நான் சொன்னா எவன் நம்புவான்?"

"அப்ப சகுந்தலா?"

அவர் கூட்டத்துக்குள் ஓரடி பின்வாங்கினார். அன்னத்துக்குப் போலீஸ் என்றாலே பயம், விமானம் என்றால் அதைவிடப் பயம். ஆனால் அந்தக் கொக்கி படிக்கட்டை நெருங்கியதைப் பார்த்ததும் அவள் கால்கள் தாமாகப் புல்லைத் தாண்டி நடந்தன. யாரோ பின்னால் கத்தினார்கள். ஒரு துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியது. அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தெரிந்த வங்காளத்தில் அழுதபடி சொன்னாள்: "ஓட்டா அமார்! அது என் பை. என் மகளுக்கு மருந்து."

இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா வைத்தீர்கள், மாஷீமா?" என்று பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல் மரியாதையாகக் கேட்டார்.

"நான்தான் வச்சேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வேலாயுதம் மூச்சிரைக்க வந்து நின்றார். "இடம் புடிக்க வச்சேன் சார். ரயில்ல வைக்கிற மாதிரி." அதை இந்தியில் சொன்னபோது அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு சிப்பாய்கள் அவர் தோளைப் பிடித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு அன்னத்திடம் சொன்னார்: "உங்கள் பை என்றால் உங்கள் கையாலேயே திறந்து காட்டுங்கள்."

காலி விமானத்துக்குள் அவள் தனியாக நடந்தாள். இன்ஸ்பெக்டர் வாசலோடு நின்றுகொண்டார். தரையில் மாம்பழங்கள் உருண்டு கிடந்தன. மேலடுக்கில் எங்கோ மீன் டப்பா கவிழ்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் பெல்ட்டுக்குள் ஊதாப் பை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதைத் தொடக் கை நீட்டியவளுக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இத்தனை பேர் இருந்தார்களே, இதற்குள் வேறு யாராவது ஏதாவது வைத்திருந்தால்? கேட்க ஆளில்லாத பைதானே? உடம்பெல்லாம் வேர்த்தது. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அவள் ஓரடி பின்னால் வைக்கவும் வைத்தாள்.

பிறகு, "முருகா, எம் புள்ளைக்காக" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு பெல்ட்டை இழுத்தாள். கொக்கி விடுபட்ட சத்தத்தில் அவள் உயிர் ஒருமுறை போய்வந்தது. பிளாஸ்க்கைத் திருகித் திறந்தாள். ஐஸ் பாதி கரைந்திருந்தது. குப்பி மிதந்தது. அதை உயர்த்திக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் அப்போதும் கிட்டே வராததைப் பார்த்து, குப்பியை உள்ளே போட்டுவிட்டு, மூடியில் கொஞ்சம் ஐஸ் தண்ணீரை ஊற்றி அவர் பார்க்கக் குடித்தாள். பல் கூசியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்கள் போகலாம், மாஷீமா. உங்கள் வீட்டுக்காரரை இன்று அனுப்ப முடியாது. விசாரிக்க வேண்டும்."

"தனியாவா?" என்று அவள் தமிழிலேயே கேட்டாள். அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

விமானத்தைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு ஜனங்களை மறுபடி ஏற்றினார்கள். செத்துப் பிழைத்தவர்கள் கொஞ்சமாவது அடங்கியிருப்பார்கள் என்று பார்த்தால், அதே முழங்கை, அதே இடிபாடு. அன்னம் ஜன்னல் வழியே பார்த்தாள். சிப்பாய்களுக்கு நடுவே வேலாயுதம் போய்க்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏறுமுன் திரும்பி விமானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியும். அவர் பிடித்த இடம்தானே.

ரசகுல்லாப் பானைக்காரர் கடைசியில் வந்தார். மேலடுக்கில் இடமில்லை. அன்னத்துக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்து, கசங்கிக் கிடந்த துண்டை ஒதுக்கப்போனார்.

"லோக் ஆச்சே" என்றாள் அன்னம். ஆள் இருக்கு.

அவர் சாத்திய கதவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பின்னால் போய்ப் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

விமானம் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அன்னம் ஒரு கையால் பையை அணைத்துக்கொண்டாள். மற்றக் கையில் துண்டின் நுனியை இறுகச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.