சாப்பாட்டுக்கு அப்புறம் வாசித்த பேண்ட்

நேற்று ஐரோலி பள்ளி இசை விழாவில் பதினாறு பேண்ட். இன்று செம்பூரில் பத்தொன்பது. எங்கள் தாராவியில் குழாய்த் தண்ணீர்கூட மூன்று மணி நேரம்தான் வரும். நடுவர் என்று பெயர் வைத்துவிட்டால் அவன் காது மட்டும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை திறந்தே கிடக்க வேண்டுமாம். யார் போட்ட சட்டமோ தெரியவில்லை.

என் பெயர் ஸ்டெர்லின். டிரம்பெட் வாசிக்கிறவன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடங்களில் பேண்ட் சொல்லிக்கொடுத்து, இப்போது பிள்ளைகள் வாசிப்பதற்கு மார்க் போடுகிறேன். என்னோடு எப்போதும் இருக்கும் இன்னொரு நடுவர் ஜெயராம். மாதுங்காக்காரர், பியானோ. பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், சாயங்காலம் ஜாஸ் என்று ஆயுசைக் கழித்தவர். அவருக்கு இருப்பது தங்கக் காது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். நான் ஏழு போட்டால் அவரும் ஏழு, நான் எட்டென்றால் அவரும் எட்டு. இத்தனை வருஷப் பழக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே காது ஆகிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

இரண்டு நடுவர்களும் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும் என்பது விழாவின் விதி. மார்க் தாளின் தலைப்பிலேயே 'நடுவர்கள் தனித்தனியே மதிப்பிட்டது' என்று அச்சடித்திருப்பார்கள். ஆனால் செம்பூர் ஹாலில் நடுவர் பக்கம் ஒரே ஒரு ஸ்டாண்ட் ஃபேன். மே மாசத்து மும்பையில் விதியைப் பார்ப்பதா, காற்றைப் பார்ப்பதா? முதல் வருஷமே மேஜைகளை ஒட்டிப் போட்டுக்கொண்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது விழாச் செயலாளர் முகம்மது ஹனீப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், அடுத்து மான்குர்த் ஸ்கூல். ரெண்டு வருஷமா சி கிரேடு. இந்த வருஷமும் சி வந்தா ஜூன்ல பேண்டையே பந்த் பண்ணிடுவாங்களாம். டீச்சர் கிளாரா ரொம்ப டென்ஷன்ல இருக்காங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இத எதுக்கு எங்ககிட்ட சொல்லுதீரு? நாங்க பாவ புண்ணியம் பாத்தா மார்க் போட முடியும்? நல்லா வாசிச்சா நல்ல மார்க்கு. சோலியப் பாத்துப் போவும்."

ஹனீப் முகம் சுருங்கிப் போய்விட்டார். நான் நியாயவான் என்ற திருப்தியில் இன்னொரு கரண்டி புலாவ் போட்டுக்கொண்டேன். சாப்பிட்டதும் சர்க்கரை மாத்திரை. அப்புறம் ஹாலுக்குள் போய் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

பதினோரு பிள்ளைகள் மேடைக்கு வந்தது நினைவிருக்கிறது. நீலச் சட்டை. முன்வரிசையில் டிராம்போனோடு ஒரு பெண். ஓரத்தில் கிளாரா, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு. மெதுவான ப்ளூஸ் பாட்டு ஒன்று ஆரம்பித்தது. டிரம்ஸ் கொஞ்சம் முந்தி ஓடுகிறதே என்று நினைத்தேன். அதற்கப்புறம் எனக்குக் கேட்டது கைதட்டல்தான்.

தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு நிமிஷப் பாட்டை முழுசாகத் தூங்கிக் கழித்திருக்கிறேன். இருட்டில் யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. என் தாள் வெள்ளையாகக் கிடந்தது. மெல்லப் பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்தேன். நாதம் ஐந்து, தாளம் ஐந்து, சேர்ந்து வாசித்தது ஆறு, சோலோ ஐந்து என்று ஜெயராம் போட்டிருந்தார். கூட்டினால் நாற்பதுக்கு இருபத்தொன்று. இருபத்துநாலு இருந்தால்தான் பி. தங்கக் காது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே எழுதினேன். ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து. ருக்சானா என்ற பெண் வந்து இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த பேண்ட் ஏறிவிட்டது.

மூன்றரைக்கு டீ. வராந்தாவில் அக்கடாவென்று உட்கார்ந்தோம். ஜெயராம் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, திரும்பிக்கொண்டு காதில் செருகினார். இயர்போன் என்று நினைத்தேன். நெஞ்சில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்ததால் கேட்டேன்.

"என்ன வே, அந்த மான்குர்த் பிள்ளையள் அவ்வளவு மோசமாவா வாசிச்சிச்சி? சோலோவுக்கு அஞ்சுதான் போட்டிருக்கீரு?"

ஜெயராம் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏண்டா, உனக்குத்தானே பிடிக்கலை? நீ கண்ண மூடிண்டு, மூஞ்சியச் சுளிச்சிண்டு, தலையத் தலைய ஆட்டிண்டு இருந்தே. சரி, இவனுக்கு சகிக்கலை போலருக்குன்னு போட்டேன்."

"என் மூஞ்சியப் பாத்தா மார்க் போட்டீரு? உம்ம காது எங்க போச்சி?"

அவர் காதில் செருகியதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மெஷின்.

"மூணு வருஷமாச்சு. எதிர்ல ஒருத்தர் பேசினா இத வெச்சுண்டு சமாளிச்சுப்பேன். டிரம்பெட், டிராம்போன்னு பிராஸ் வாத்தியம் ஆரம்பிச்சா கீச்சுன்னு கத்தறது, கழட்டிடுவேன். கழட்டினா ஒண்ணுமே இல்ல. உன் தாளப் பாத்துத்தான் போட்டுண்டு வரேன். நீ எழுதலைன்னா உன் மூஞ்சி. உன் காதுமேல எனக்கு அவ்வளவு நம்பிக்கைடா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தூங்குகிறவன் முகத்தைப் பார்த்து ஒருவர் மார்க் போட, அதைப் பார்த்துத் தூங்கியவன் போட, பதினோரு பிள்ளைகள் வாசித்ததை இந்த உலகத்தில் எந்த நடுவனும் கேட்கவில்லை.

"நான் தூங்கிட்டேன் வே," என்றேன்.

"என்ன?" என்று மெஷினைத் திரும்பக் காதில் செருகினார்.

"தூங்கிட்டேன்னு சொல்லுதேன். முழுசா."

ஜெயராம் ஆறிப்போன டீயை வராந்தாவுக்கு வெளியே கொட்டினார். பிறகு, "சொன்னா அடுத்த வருஷம் நம்மளக் கூப்பிட மாட்டா," என்றார். அது எனக்கும் தெரியும். அவருக்கு வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. வருஷத்தில் இந்த நாலைந்து நாள்தான் அவர் இஸ்திரி போட்ட சட்டை போடுகிறார். சும்மா இருந்துவிடலாம் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலித்தது. இன்னும் ஐந்து பேண்ட் பாக்கி. வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் ஹனீப்பிடம் மதியம் பேசிய பேச்சு என்னை விடவில்லை. எழுந்தேன். நான் சொல்லாமலே ஜெயராமும் எழுந்துகொண்டார்.

ஹனீப் லேப்டாப்பின் முன்னால் இருந்தார். சொன்னோம். அவர் எங்களைத் திட்டியிருந்தால் தேவலை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆறு மணிக்கு ரிசல்ட் சார். ஸ்டேஜ் காலி இல்ல. அவங்க கிளம்பிட்டிருக்காங்க, டெம்போல சாமான் ஏத்தியாச்சு. வேணும்னா பார்க்கிங்ல வாசிக்கட்டும். இருபது நிமிஷம் தரேன். அவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

பார்க்கிங்கில் பெரிய டிரம்மைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளாராவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் எங்கள் தெற்கத்திச் சீமை வாடை. எங்களைப் பார்த்ததும் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார்," என்றாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். நான் தூங்கியதை நான் சொன்னேன். காது விஷயத்தை ஜெயராமே சொன்னார். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கயித்த அவுத்துருங்கப்பா. ஃபிர் சே பஜானா ஹை, திரும்ப வாசிக்கணும்," என்றாள். அவ்வளவுதான். அலுத்துப்போனவர்களின் குரல் அது. எனக்குத் தெரிந்த குரல்தான்.

இரண்டு பேர் முன்னாலேயே ரயிலுக்குப் போய்விட்டார்கள். ஒன்பது பேர் டெம்போவுக்கும் ஒரு ஸ்கூட்டர் வரிசைக்கும் நடுவில் நின்றார்கள். ஃபேன் இல்லை, நாற்காலி இல்லை. நான் வெயிலில் நின்றேன். ஜெயராம் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பெரிய டிரம்மின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வாசித்தார்கள். அதிசயம் ஒன்றும் இல்லை. டிரம்ஸ் ஓடியது. டிரம்பெட் மேலே போகும்போது சுருதி இறங்கியது. ஆனால் ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாசித்தார்கள். இரண்டு பேர் குறைந்த இடத்தை யாரும் சொல்லாமலே மற்றவர்கள் நிரப்பினார்கள். பிறகு டிராம்போன் பெண்ணின் சோலோ. ஸ்வீட்டி என்று கிளாரா மெல்லக் கூப்பிட்டதும் முன்னால் வந்தாள். மூன்று ஸ்வரம் வாசித்துவிட்டு நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை, காத்திருக்கிறாள். அந்த இடைவெளியில் தாளம் தானாக நிதானத்துக்கு வந்தது. அதற்கப்புறம்தான் அடுத்த மூன்று ஸ்வரத்தை வைத்தாள். பதினாறு வயசில் சும்மா இருக்கத் தெரிந்த பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு ஒரு நொடிகூடக் கண் சொக்கவில்லை.

ஸ்கூட்டர் சீட்டின்மேல் தாளை வைத்து எழுதினேன். நாதம் ஆறு, தாளம் ஐந்து, சேர்ந்து வாசித்தது ஏழு, சோலோ எட்டு. இருபத்தாறு. இரக்கத்துக்கு ஒரு மார்க்கும் போடவில்லை. ஜெயராம் தன் தாளை வாங்கினார். என் தாளை எட்டிப் பார்க்கவில்லை. நாலு கட்டத்திலும் கோடு இழுத்து, காது கேட்காததால் மதிப்பிட இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஹனீப்பிடம் நீட்டினார். ஹனீப் இரண்டையும் பார்த்தார். "ஒருத்தர் மார்க்கே போதும், நான் பாத்துக்கறேன்," என்றார். கிளாராவிடம், "பி, டீச்சர்," என்றார்.

பிள்ளைகள் கத்தவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்வீட்டி டிராம்போனின் எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நான் நகரப் போனேன். கிளாரா ஃபைலைத் திறந்து நாலு தாள்களை எடுத்து ஸ்கூட்டர் சீட்டில் வரிசையாக வைத்தாள். போன வருஷத்து இரண்டு, அதற்கு முந்தின வருஷத்து இரண்டு. என் கையெழுத்து, ஜெயராம் கையெழுத்து. ஐந்து, ஆறு, ஐந்து, ஐந்து. ஐந்து, ஆறு, ஐந்து, ஐந்து. எல்லாத் தாளின் தலைப்பிலும் 'தனித்தனியே மதிப்பிட்டது' என்ற அந்த வரி.

"போன வருசமும் நாங்க சாப்பாட்டுக்கு அப்புறந்தான் சார். அதுக்கு முந்துன வருசமும். சின்ன பேண்டுக்கு எப்பவும் அந்த டைம்தான் குடுப்பாங்க," என்றாள். "அப்ப முழிச்சிருந்தீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஃபேனும் அந்தப் புலாவும் நினைவுக்கு வந்தன. பேண்ட் நினைவுக்கு வரவில்லை.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் தாள்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் ஏறவே இல்லை. "மொத சி வந்ததும் பிராக்டீஸ மூணு நாள்ல இருந்து ஒரு நாளாக்கிட்டாங்க. ரெண்டாவது சி வந்ததும் பேண்ட் ரூமை எடுத்துட்டாங்க. பன்னெண்டு பிள்ளைங்க வெலகிட்டாங்க. நான் யாரையும் கொற சொல்லல சார். ரெண்டு பெரிய ஆளுங்க தனித்தனியா ஒக்காந்து ஒரே மார்க் போட்டிருக்காங்களேன்னு பாத்தேன். ஒருத்தர் தப்பாக் கேக்கலாம், ரெண்டு பேரும் எப்பிடித் தப்பாக் கேப்பாங்க? அப்ப நம்ம பிள்ளைங்கதான் சரியில்லன்னு நெனச்சேன். அவங்ககிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன்."

உள்ளே அடுத்த பேண்ட் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் என்றால் வெட்கம், அப்படி ஒரு வெட்கம்.

ஜெயராம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மெஷின் இன்னும் அவர் பையிலேயே இருந்தது. "என்னடா சொல்றா அவ?" என்று எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். மூன்று வருஷமாக என் காதில் விழாதது அவர் காதிலும் விழாமல்தான் போயிருக்கிறது. பிள்ளைகள் ஒன்பது பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.