தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சாட்சி

"ஏணிய விட்டுடாதீங்கம்மா! ஆடுது!"

ஃபுசாயே இரண்டு கையாலும் ஏணியை அழுத்திப் பிடித்தாள். மேலே, மடிப்புக் கலையாத சீருடையில் கூரைக்காரன் ஷிமொமுரா ஓட்டின் மேல் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தான். அவன் முதுகு மறைந்தது.

டக். டக்.

அவள் ஏப்ரன் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தாள்.

'சுத்தியலால் அடித்தான். நல்ல ஓடு. உடைத்துவிட்டான்.'

ஃபுசாயே முகத்தில் எதையும் காட்டாமல் கைப்பேசியை உள்ளே தள்ளினாள்.

நாளை மாலை மியாசாகி கரைக்குப் புயல் வருகிறது. போன புயல் ஓட்டைப் பிடுங்கிய இடத்தில் நீலத் தார்ப்பாய் போட்டு, சுற்றி மணல் மூட்டை வைத்திருக்கிறது. அப்படியும் பூஜை அறையில் சொட்டுகிறது. மாமியார் படத்துக்குக் கீழே இப்போது ஒரு வாளி. இன்று சாயந்திரத்துக்குள் நம்பகமான கூரைக்காரர் ஒருவரைப் பிடித்தாக வேண்டும். சும்மா ஒருவர் போதாது. அவள் தங்கை போன வருடம் சிரித்த முகமாகப் பார்த்து ஒருவனைப் பிடித்தாள். அவன் பாதிக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனவன்தான். சிரிப்பையும் காணோம், ஆளையும் காணோம்.

ஷிமொமுரா உடைந்த ஓட்டுடன் இறங்கினான். துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"பாருங்கம்மா. நல்லவேளை நான் வந்தேன். கூரை முழுக்க இப்படித்தான் இருக்கு. மொத்தமா மாத்திடணும்."

"தார்ப்பாய்க்குக் கீழே பார்த்தீங்களா?"

"பார்க்காம இருப்பேனா? அங்கதான் ரொம்ப மோசம்!"

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. 'பொய். தொடவே இல்லை.'

"என் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேனே," என்றாள் ஃபுசாயே, இடுப்பு வரை குனிந்து.

"ஐயா வீட்ல இல்லையா?"

"வெளிய இருக்கார்."

"எப்ப வருவார்?"

"அது அவர் கையில இல்லைங்க."

அவன் போனான். வாசலில் அவன் மரியாதைக்குக் கொடுத்த கைத்துண்டு மட்டும் மிச்சம். 'பக்கத்துத் தெருவுல வேலை பார்க்கிறோம், சத்தம் கேக்கும், மன்னிக்கணும்' என்று துண்டு நீட்டுவது. அப்படியே அண்ணாந்து பார்த்து, 'ஐயோ, உங்க கூரை!' என்று பதறுவது. காலையில் வந்தவனும் இதே பாட்டைத்தான் பாடினான். அவன் ஏணியின் கடைசிப் படியைக்கூடத் தாண்டவில்லை. 'இதுதான் உங்க கூரை' என்று வேறு யார் வீட்டுப் படத்தையோ காட்டினான். அதில் கூரை பச்சை நிறம்.

மீன்கடைக்காரர் சொல்லி அனுப்பிய நாகாதொமோ வந்தபோது மணி மூன்று. துண்டு இல்லை. விசிட்டிங் கார்டு இல்லை. வணக்கத்துக்குத் தலை மட்டும் அரை அங்குலம் ஆடியது. கூரையை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்தத் தார்ப்பாய யாரு போட்டது?"

"என் வீட்டுக்காரர்."

"கண்ணைக் கட்டிக்கிட்டா?"

ஃபுசாயேவுக்குச் சுருக்கென்றது. இந்த ஆளை இப்படியே அனுப்பிவிடலாமா? வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வாளியில் சொட்டுச் சத்தம் இங்கே வரை கேட்பது போலிருந்தது.

"ஏறிப் பாருங்க," என்றாள்.

அவர் தன் ஏணியைச் சார்த்தினார். பிடிக்கச் சொல்லவில்லை. கயிற்றால் கட்டிவிட்டு ஏறினார். டக் டக் இல்லை. பேச்சு இல்லை. பிறகு தார்ப்பாய் சரசரக்கும் ஓசை.

திடீரென்று மேலே ஒரு அலறல்!

ஃபுசாயே ஏணியை நோக்கி ஓடினாள். கைப்பேசி அதிர்ந்தது.

'மாட்டிக்கொண்டேன்.'

உடனே இன்னொன்று.

'இவர்தான்.'

நாகாதொமோ இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒழுகல் எங்கன்னு தெரிஞ்சிடுச்சு. முகட்டு ஓரத்துல நாலஞ்சு ஓடு மாத்தினாப் போதும். இருட்டறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"முழுக்க மாத்த வேண்டாமா?"

"எதுக்கு? நல்ல கூரைம்மா. யாரோ ஒரு ஓட்டைப் புதுசா உடைச்சிருக்காங்க, அவ்வளவுதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதிருக்கட்டும். மேல ஒரு மணல் மூட்டை பேசுது."

"என்ன பேசுது?"

"மூணு மணி ஆச்சே, கூரையில இருக்கிற ஆளுக்கு டீ கொடுக்கிற பழக்கம் இந்த வீட்டுல இல்லையான்னு கேக்குது."

ஃபுசாயே நெற்றி முழங்காலைத் தொடும் அளவு குனிந்தாள்.

"வேலை உங்களுக்குத்தான் ஐயா. யார் யோக்கியன்னு மேலேர்ந்து வேவு பார்க்கிறேன்னு விடிகாலையிலேயே ஏறிட்டார். ஓட்டை மாத்தறதுக்கு முன்னாடி அவரைக் கொஞ்சம் இறக்கிவிடுங்க. மேல போன பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு, தனக்கு உயரம்னா பயம்னு ஞாபகம் வந்துச்சு."