கல்யாணக் காட்சியில் எனக்குக் கிடைத்த இடம்

எங்கள் கூட்டுப்பண்ணையில் எடுத்த படத்தை அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். டிராக்டர் ஓட்டுபவன் ஒருவன் பால்பண்ணைப் பெண்ணைக் காதலித்து, பலமுறை சேற்றில் விழுந்து, கடைசியில் அவளையே மணப்பான். அந்தக் கல்யாண விருந்தில் ஊர்க்காரர்களையே உட்கார வைத்தார்கள். நான் பண்ணையின் வேளாண் அலுவலர். உயரமானவன் என்பதால் மணமகள் அருகில் இடம் கொடுத்தார்கள்.

எனக்கு அடுத்து ரிம்மா. நிஜமாகவே பால் கறப்பவள். ஊரில் அவளுக்கு மட்டும் வசனம் உண்டு. எல்லோரும் கோப்பைகளைத் தட்டிக்கொண்டதும் "கசக்குது" என்று முதலில் அவள் கத்த வேண்டும். சாராயம் கசக்கிறதாம்; அது இனிக்க மணமக்கள் முத்தமிடுவார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான்.

முதல் தடவை இயக்குநர் நிறுத்தினார்.

"அந்த நெட்டையர் கிளாஸைத் தட்டவே இல்லையே."

நானே கவனிக்கவில்லை. கோப்பையை எடுத்து, யாருடையதையும் தொடாமல் குடித்திருந்தேன். உள்ளே வெறும் தேநீர்.

இரண்டாம் தடவையும் அப்படியே. இம்முறை எதிரே இருந்த கிழவர்களும் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டாமல் குடித்தார்கள்.

"இது கல்யாண வீடா, இழவு வீடாய்யா?" என்றார் இயக்குநர்.

இறந்தவருக்கான விருந்தில் நாங்கள் கோப்பையைத் தட்டுவதில்லை. என் மனைவி தாயிசியா மார்ச்சில் போனாள். அதன்பின் நான் உட்கார்ந்த விருந்தெல்லாம் அவளுக்கானவை. பண்ணைத் தலைவர் சவேலிச் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். கேட்டதும் இயக்குநர் தொப்பியைக் கழற்றினார்.

வெயில் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் வெளிச்சம். அதுவும் கெட்டால் முத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம்.

எழுந்தேன். "வேற யாரையாவது உக்கார வைங்க."

ரிம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க அர்கீப். ஆள் மாறினா காலையில எடுத்ததோட ஒட்டாதாம். அப்புறம் நான் கத்துறதே இருக்காது. ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன், மாமியார்கிட்ட கூட."

"கை போக மாட்டேங்குது."

"போக வேண்டாம். சும்மா தூக்குங்க. நான் வந்து தட்டிக்கிறேன்."

"தாயிசியாவுக்கு..."

"அவளா? என் கல்யாணத்துல தட்டித் தட்டியே ரெண்டு கிளாஸை உடைச்சவ."

தூக்கினேன். கை நேராக வாய்க்குத்தான் போனது. ரிம்மா பாதி வழியில் மறித்துத் தட்டினாள். தேநீர் என் சட்டையில் கொட்டியது. தொண்டை கிழியக் கத்தினாள். ஊரே சேர்ந்து கத்தியது. இயக்குநர் போதும் என்ற பிறகும் யாரும் நிறுத்தவில்லை. நடிகர்கள் மறுபடியும் முத்தமிட வேண்டியதாயிற்று.

"நல்லா வந்துச்சா?" என்றாள் ரிம்மா.

"வந்துச்சு."

"நேத்து மாட்டுக்கொட்டாய்ல கத்திப் பாத்தப்ப இன்னும் நல்லா வந்துச்சு," என்று சொல்லிவிட்டு, என் சட்டையைத் துடைக்கத் துண்டை நீட்டினாள்.